லேசான மேகத்துக்கே, எவரெஸ்ட் பக்கம் நடைபயணம் செல்வோர் இறங்கும் நேபாள மலையூரான லுக்லாவுக்கான விமானங்களை ரத்து செய்கிறார்களே, அந்த விமானிகளுக்குத் துணிவு இல்லையா?

விடியற்காலையில் காத்மாண்டுவிலோ ராமேச்சாப்பிலோ காத்திருந்து, திருப்பி அனுப்பப்பட்ட எரிச்சலில் இதைக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் அங்கே விமானம் ஓட்டியவன் அல்லன். சமவெளியில் சிறிய செஸ்னா விமானத்தில் பயின்று உரிமம் பெற்றவன், லுக்லாவுக்குப் பயணியாகச் சென்றவன். "உனக்கென்ன தெரியும்" என்று கேட்பவர்களுக்காக இதை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்.

லுக்லா ஏறத்தாழ 2,845 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான் என்பதால், காற்று மோதும் அழுத்தத்தை வைத்து அளக்கும் வேகமானி வழக்கமான வேகத்தைக் காட்டும்போதே விமானம் உண்மையில் சுமார் 15 சதவீதம் கூடுதல் வேகத்தில் தரையைத் தொடுகிறது. ஓடுபாதையோ 527 மீட்டர்தான். கிட்டத்தட்ட 12 சதவீதச் சரிவில் அது மேல்நோக்கி ஏறுவதால்தான் விமானம் நிற்கிறது. ஓடுபாதையின் மேல்முனையில் மலை நிற்பதால், இறங்கும் கடைசிக் கட்டத்தில் மனம் மாறி மீண்டும் மேலேறிச் சுற்றிவர வழியில்லை. கருவிகளை நம்பி இறங்கும் ஏற்பாடும் அங்கில்லை. ஓடுபாதை கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும். பிற்பகலில் பள்ளத்தாக்கிலிருந்து மேலேறும் காற்று, இறங்கும் விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளும். காலையிலேயே பறந்து முடித்துவிடப் பார்ப்பது அதனால்தான்.

நான் சென்ற டுவின் ஓட்டர் என்ற சிறிய விமானம், முதல் நாள் பாதி வழியில் திரும்பிவிட்டது. விமானிகளுக்குப் பின்னாலேயே அமர்ந்திருந்ததால், முன்னால் இருந்த கணவாயை மேகம் மூடுவதை நானும் பார்த்தேன். திரும்புவதற்கு இடம் இருக்கும்போதே தலைமை விமானி திரும்பினார். கீழே இறங்கியதும் சிலர் அவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டுச் சத்தமிட்டது எனக்கு இன்றும் ஆறவில்லை. 2008 அக்டோபரில் அதே லுக்லாவில், மூடுபனியினிடையே இறங்க முயன்ற டுவின் ஓட்டர் ஓடுபாதைக்குச் சற்று முன்பாக மோதி 18 பேர் இறந்தார்கள். பாதி வழியில் திரும்பிய அந்த முடிவைத்தான் நான் துணிவு என்பேன்.

என் கோபமெல்லாம் பயண முகவர்கள் மீதுதான். ஒரு நாள்கூட உபரியாக வைக்காமல் திட்டம் போட்டு, குறைந்த விலை என்று விற்றுவிட்டு, விமானம் ரத்தானதும் விமானியைக் கைகாட்டுகிறார்கள். எங்கள் முகவரும் அதையே செய்தார். போகும்போதும் வரும்போதும் உபரி நாள்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்; விடுப்பு நிறைய இருந்தால், சாலை வழியே சென்றடையக்கூடிய ஜிரி என்ற ஊரிலிருந்து நடந்தே லுக்லா பக்கம் சென்றுவிடலாம்.