சரக்கு விமானத்துக்கு இனியும் தேவை இருக்குமா?

கேள்வி: பயணிகள் விமானத்தின் கீழ்த்தளத்திலேயே ஏகப்பட்ட சரக்கு போய்விடுகிறது. தனிச் சரக்கு விமானங்களுக்கு எதிர்காலம் உண்டா?

பதில்: நிச்சயம் உண்டு. உலகின் விமானச் சரக்கில் ஏறக்குறையப் பாதி பயணிகள் விமானத்தில்தான் போகிறது, உண்மைதான். ஆனால் அது பயணிகள் போக விரும்பும் ஊருக்கு, அவர்களுக்குத் தோதான நேரத்தில் பறக்கும்; சரக்குக்கும் அதுவே ஒத்துவரும் என்று எதிர்பார்க்க முடியாது. உயரமும் இடிக்கும். கீழ்த்தளத்தில் சுமார் 160 செ.மீ. வரைதான் ஏற்றலாம், போயிங் நிறுவனத்தின் 777 ரகச் சரக்கு விமானத்தின் மேல்தளத்திலோ ஏறக்குறைய 3 மீட்டர் வரை அடுக்கலாம். தனியாக அனுப்பும் லித்தியம் அயான் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் ஏற்றவே 2016 முதல் சர்வதேசத் தடை இருக்கிறது. அப்புறம் 2020-ஐ நினைத்துப் பாருங்கள்: பயணிகள் விமானங்கள் தரையில் நின்றதும் கீழ்த்தள இடமெல்லாம் ஒரேயடியாகக் காணாமல் போய், கட்டணம் எகிறி, மருத்துவப் பொருட்களுக்குச் சரக்கு விமானங்களே பெரிய துணையாக இருந்தன.

போயிங்கின் 20 ஆண்டுக் கணிப்பு, ஆண்டுக்குச் சுமார் 4 சதவீத வளர்ச்சி என்கிறது. அப்படியே நடந்தால் 18 ஆண்டில் சரக்கு இரண்டு மடங்காகும். விமானம் விற்பவர் சொல்லும் கணக்கு என்பதால் நான் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்வேன்; 2021-இன் உச்சத்துக்குப் பிறகு அடுத்த இரண்டு வருடமும் சரக்கு குறையத்தான் செய்தது. ஆனாலும் வயதான விமானங்கள் ஓய்வு பெறும் இடத்தை நிரப்பவே நிறைய வேண்டியிருக்கும். 2023 ஜனவரியில் போயிங் ஒப்படைத்த கடைசி 747 ரக விமானம்கூட சரக்கு விமானம்தான்.

கேள்வி: பழைய பயணிகள் விமானத்தைச் சரக்கு விமானமாக மாற்றுகிறார்களாமே, அது எப்படி?

பதில்: இருக்கைகளைக் கழற்றினால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். முன்பகுதியில் இடது பக்கம் விமானத்தின் உடலையே அறுத்து, மேல்நோக்கித் திறக்கும் பெரிய கதவு வைப்பார்கள். தளத்தைப் பலப்படுத்தி, ஜன்னல்களை அடைத்து, சரக்கு முன்னால் பாய்ந்தால் அதன் எடையைப்போல் 9 மடங்கு விசையைத் தாங்கும் தடுப்பையும் விமானி அறைக்குப் பின்னால் நிறுத்துவார்கள். இப்படி மாற்றிய போயிங் 737-800 ரக விமானம் ஒன்று 20 டன்னுக்கு மேல் சுமக்கும். புதிது வாங்குவதைவிட மலிவு, எரிபொருள் மட்டும் கூடுதலாகக் குடிக்கும். நாளுக்குச் சில மணி நேரமே பறக்கும் கூரியர் விமானத்துக்கு அது கட்டுப்படியாகும், நாள் முழுக்கக் கண்டம் தாண்டிப் பறப்பவர்களுக்குப் புது விமானம்தான் சரி. இப்போதைய சிக்கல் வேறு: புதிய பயணிகள் விமானங்கள் தாமதமாகவே கைக்கு வருவதால், நிறுவனங்கள் பழையதை விடாமல் ஓட்டுகின்றன, மாற்றுவதற்கு விமானம் கிடைப்பதே கஷ்டமாகிவிட்டது.