ஷூபர்ட்டைக் கேட்டால் அழுகை வருகிறது, நிறுத்திவிட வேண்டுமா?

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

வணக்கம். நான் ஓய்வு பெற்ற ஆசிரியை, கோத்தகிரியில் இருக்கிறேன். போன மழைக்காலத்தில் என் கணவர் தவறிவிட்டார். அவருடைய அலமாரியில் ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் வாழ்க்கை வரலாறு ஒன்று இருந்தது. எடுத்துப் படித்தேன். 1827இல் பீத்தோவனின் இறுதி ஊர்வலத்தில் தீப்பந்தம் ஏந்திச் சென்றவர், மறு வருடமே 31 வயதில் இறந்துபோனார். அதற்கு இரண்டு மாதம் முன்பு பியானோவுக்காக நான்கு பகுதிகளில் எழுதிய கடைசி சொனாட்டாவைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். அதன் இரண்டாம் பகுதியிலிருந்து என்னால் மீள முடியவில்லை. வாசிப்பவரின் இடது கை வலது கையைத் தாண்டிப் போய், மேலே ஒரு ஸ்வரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது. அதையே இரவில் திரும்பத் திரும்பப் போட்டு அழுகிறேன். தூங்க இரண்டு மணி ஆகிவிடுகிறது. மார்க்கெட்டுக்குக்கூட, கோவையிலிருந்து மகன் வந்தால்தான் போகிறேன். "அழ வைக்கிறதையே ஏம்மா கேக்குறீங்க, இது டிப்ரஷன்" என்கிறான். நிறுத்திவிட வேண்டுமா?

வாசகி, கோத்தகிரி

அன்புள்ள அம்மா,

நிறுத்த வேண்டாம். சோகமான இசை கேட்டு அழுவது நோய் அல்ல. சொல்லில் அடங்காத துக்கத்துக்கு அந்த இசை ஒரு வடிவம் தருகிறது. உங்கள் கணவர் வைத்துவிட்டுப் போன புத்தகம் வழியாக அது வந்து சேர்ந்திருக்கிறது என்பதும் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

என் கவலை தூக்கத்தைப் பற்றியும், நீங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுவதைப் பற்றியும்தான். நள்ளிரவில் ஒரே பகுதியைச் சுழலவிட்டால் மனமும் அதே இடத்தில் சுற்றும். அதனால் இசையைப் பகலுக்கு மாற்றுங்கள். நான்கு பகுதிகளையும் வரிசையாகக் கேளுங்கள், முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நீங்கள் அழும் அந்தப் பகுதியே நடுவில் மேஜர் என்ற, வெளிச்சமாக ஒலிக்கும் ஸ்வர வரிசைக்குப் போய் இளகுகிறது. சோகமாக ஒலிக்கும் மைனரில் தொடங்கியது மேஜரில்தான் முடிகிறது. அடுத்து வரும் மூன்றாம் பகுதியை மென்மையாக வாசிக்கும்படி ஷூபர்ட்டே குறித்திருக்கிறார், துள்ளி ஓடும் இசை அது. சாவு நெருங்கிய உடம்போடு அதையும் அவர்தான் எழுதினார். கேட்டு முடித்ததும், மழை இல்லாவிட்டால், மார்க்கெட் வரை நடந்துவிட்டு வாருங்கள்.

மகன் வரும்போது அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். அப்பாவை இழந்தவர் அவர். உங்கள் அழுகையைப் பார்த்துப் பயப்படுகிறார்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் சரியாகாமல், எதிலும் பிடிப்பே இல்லாமல் போனால் மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழவே வேண்டாம் என்று தோன்றினால் ஒரு நாள்கூடப் பொறுக்க வேண்டாம். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள்.