சும்மா ஒரு கார்டு: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: விசேஷம் எதுவும் இல்லாமல் நண்பர்களுக்கு அனுப்பக் கார்டு செய்கிறேன். ஏ4 அட்டையை நடுவில் மடித்தால் மடிப்பில் வெடித்து, வண்ணத்துக்கு அடியில் வெள்ளை தெரிகிறது. அட்டை மட்டமா, என் கை சரியில்லையா?

இரண்டும் இல்லை, மடிக்கும் திசைதான் தப்பு. காகிதத்தின் நார்கள் பெரும்பாலும் ஒரே வாக்கில் ஓடும். அந்த வாக்கிலேயே மடித்தால் தாள் சொன்னபடி கேட்கும். குறுக்கே மடித்தால் நார் ஒடிந்து மேல்பூச்சு வெடிக்கும். ஏ4 தாள்களில் அநேகமாக நார் நீளவாக்கில்தான் போகும். நடுவில் மடிக்கும்போது அதை நீங்கள் குறுக்கே ஒடிக்கிறீர்கள்.

சந்தேகமா? மடிக்காமல் நீளவாக்கில் ஒரு முறை, அகலவாக்கில் ஒரு முறை லேசாக வளைத்துப் பாருங்கள். எப்படி வளைத்தால் சுலபமாகக் குழாய்போல் சுருள்கிறதோ, அந்தக் குழாய் நீளும் திசைதான் நாரின் திசை.

நார் நீளவாக்கில் இருந்தால் ஏ4 அட்டையை முதலில் இரண்டாக வெட்டிவிடுங்கள். 210 x 148 மி.மீ. துண்டுகள் கிடைக்கும். 210 மி.மீ. பக்கத்தை 105-இல் மடித்தால் மடிப்பு நாரோடு போகும்; ஒரே தாளில் இரண்டு கார்டு.

250 முதல் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) அட்டையை வெறும் கையால் மடிக்கவே கூடாது. அடியில் ஒரு பழைய பத்திரிகையை வைத்து, கார்டின் வெளிப்பக்கத்தில் ஸ்கேலை ஒட்டி மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் இரண்டு முறை கோடு இழுங்கள். முதல் முறையே அழுத்தினால் அட்டை கிழியும். கோட்டில் பள்ளமும், மறுபக்கம் மெல்லிய மேடும் வரும். மேடு உள்ளே போகும்படி மடிக்க வேண்டும். பலர் பள்ளம் உள்ளே வரும்படி மடித்துக் கெடுப்பது இங்கேதான். கடைசியில் மடிப்பின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்து ஸ்பூனின் முதுகால் தேயுங்கள். தாள் வைக்காவிட்டால் அட்டையில் பளபளவென்று தடம் விழும்.

கேள்வி: படம் ஒட்டிய கார்டு மறுநாள் வில்லாக வளைந்துவிடுகிறதே?

வெள்ளைப் பசையில் இருக்கும் தண்ணீரின் வேலை அது. ஈரத்தில் விரிந்த தாள் காயும்போது சுருங்கி, அட்டையையும் சேர்த்து இழுக்கிறது. டபுள் சைடு டேப்போ குச்சிப் பசையோ போதும். வெள்ளைப் பசைதான் கைவசம் என்றால் தண்ணீர் கலக்காமல் மெல்லிசாகத் தடவி, மேலும் கீழும் மெழுகுத் தாள் வைத்து, ஓர் இரவு கனமான புத்தகங்களுக்கு அடியில் வையுங்கள். ஏற்கெனவே வளைந்ததற்கும் வழி உண்டு: படத்துக்கு நேர் பின்னால், உட்பக்கத்தில், அதே பசையால் அதே கனத்தில் ஒரு தாளை ஒட்டினால் இரண்டு பக்க இழுப்பும் சமமாகும்.

கேள்வி: பூ, பட்டன் ஒட்டித் தபாலில் அனுப்பலாமா?

பூ சரி, இதழ் மெல்லியதாக இருந்தால். உறிஞ்சும் தாள்களுக்கு நடுவே இரண்டு, மூன்று வாரம் அழுத்தி வையுங்கள். தொட்டால் சருகாகச் சலசலக்க வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் உறைக்குள் பழுப்பாகி, பூஞ்சையும் பிடிக்கும். பட்டன் வேண்டாம். தபால் பிரிக்கும் இயந்திரத்தில் மாட்டி உறையைக் கிழிக்கும். இந்தக் கார்டுக்குச் சி6 உறை (114 x 162 மி.மீ.) சரியாக இருக்கும்.

கேள்வி: உள்ளே என்ன எழுதுவது? எதற்கும் வாழ்த்து இல்லையே!

முதல் வரியிலேயே 'விசேஷம் ஒன்றுமில்லை' என்று சொல்லிவிடுங்கள். எதிர்பாராத தபால் சிலரைப் பதற வைக்கும். பிறகு அவருக்கு மட்டுமே பொருந்தும் ஒரே ஒரு விஷயம்: 'நீங்கள் கொடுத்த செடி துளிர்விட்டது' போல. மூன்று வரி தாராளம். அட்டையில் நேரடியாக எழுதாமல் 95 x 138 மி.மீ. சாதாரணத் தாளில் எழுதி ஒட்டுங்கள். பிழை வந்தால் தாள் மட்டும்தான் போகும். வழவழப்பான அட்டையில் ஜெல் பேனா மை இழுபடும் தொல்லையும் இல்லை.