ஏசி ஓடும் காருக்குள் காற்று சுத்தமாக இருக்குமா? ரீசர்குலேஷனை எப்போதும் போட்டே வைக்கலாமா?

கண்ணாடியை ஏற்றி ரீசர்குலேஷனில் வைத்துவிட்டால் வெளிப்புகை உள்ளே வராது, அதனால் அப்படியே விட்டுவிடலாம் என்று பலர் சொல்வதுண்டு. தூசியைப் பொறுத்தவரை அது சரி. மூச்சுக்காற்றைப் பொறுத்தவரை தவறு.

ரீசர்குலேஷனில் உள்ளே இருக்கும் காற்றே திரும்பத் திரும்ப ஏசி வழியாகச் சுற்றுகிறது. பெரும்பாலான கார்களில் அது ஒவ்வொரு சுற்றிலும், காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரைத் தாண்டித்தான் வரும். அதனால் பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள்கள் சில நிமிடங்களிலேயே நன்றாகக் குறைந்துவிடும். ஆனால் நாம் விடும் மூச்சு எங்கே போகும்? சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 18 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வெளிவிடுகிறார். ஒரு சாதாரண காரின் உள்ளளவு ஏறக்குறைய 3,000 லிட்டர். நான்கு பேர் இருந்தால் உள்ளே அதன் அளவு நிமிடத்துக்கு 400 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 400 பங்கு) வரை ஏறும். வெளிக்காற்றில் மொத்தமே 420 பிபிஎம் சுமாருக்குத்தான் இருக்கிறது. கதவு இடுக்குகள் வழியே கொஞ்சம் காற்று மாறுவதால் கணக்கு அப்படியே பலிக்காது. ஆனாலும் நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும் காரில் அந்தக் கசிவும் மிகக் குறைவு. கால் மணி நேரத்தில் உள்ளே சில ஆயிரம் பிபிஎம் ஆகிவிடும். தூக்கக் கலக்கம், தலைபாரம், கவனம் மங்குவது எல்லாம் அப்போது வருபவை. நீண்ட பயணத்தில் பின்சீட்டில் எல்லோரும் தூங்கி விழுவதற்குக் களைப்பு மட்டும் காரணமில்லை. அதே காற்றைத்தான் ஓட்டுபவரும் சுவாசிக்கிறார்.

ஆகவே ரீசர்குலேஷன் பட்டனை இடத்துக்குத் தகுந்தபடி மாற்றுங்கள். நெரிசல், சுரங்கப்பாதை, கரும்புகை கக்கும் லாரிக்குப் பின்னால் என்றால் ரீசர்குலேஷன். அதுவும் புகை மூக்கில் ஏறிய பிறகு அல்ல, அந்த இடத்தை நெருங்கும்போதே. தனியாக ஓட்டினால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, நான்கைந்து பேர் இருந்தால் ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, இரண்டு மூன்று நிமிடம் வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள். திறந்த நெடுஞ்சாலையில் வெளிக்காற்றிலேயே விட்டுவிடலாம். ஏசி சற்றுக் கூடுதலாக உழைக்கும், அவ்வளவுதான். மழையிலோ குளிரிலோ கண்ணாடி உட்புறமாகப் பனிக்கிறதா? உள்ளே மூச்சு தேங்கிவிட்டது என்பதற்கு அதைவிட எளிய அடையாளம் இல்லை. உடனே வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள்.

வெளிக்காற்றை எடுக்கும்போது நம்மைக் காப்பது கேபின் ஃபில்டர் மட்டுமே. அதைத்தான் பலர் வருடக்கணக்கில் திறந்துகூடப் பார்ப்பதில்லை. வருடத்துக்கு ஒருமுறை அல்லது 15,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுங்கள். தூசி அதிகமுள்ள சாலைகளில் ஓடும் வண்டிக்கு அதில் பாதி. கருவியே தேவைப்படாத பத்து நிமிட வேலை இது. காற்றை ஊதும் புளோயரை அணைத்துவிட்டு, குளோவ் பாக்ஸைக் காலி செய்யுங்கள். பெரும்பாலான கார்களில் அதன் இரு பக்கச் சுவர்களையும் உள்நோக்கி அமுக்கினால் தடுப்புகள் விடுபட்டு, பெட்டி முழுதாகக் கீழே தொங்கும். ஓரத்தில் மெல்லிய கயிறோ தண்டோ மாட்டியிருந்தால் அதை முதலில் கழற்றுங்கள். பின்னால் ஒரு நீள்சதுர மூடி தெரியும். அதன் கிளிப்பை அமுக்கித் திறந்து, ஃபில்டரைச் சாய்க்காமல் மெதுவாக இழுங்கள். சாய்த்தால் மேலே கிடக்கும் சருகும் மண்ணும் நேராகப் புளோயருக்குள் விழும், பிறகு கடகடவென்று சத்தம் வரும்.

புதியதைச் செருகும்போதுதான் தவறு நடக்கிறது. ஃபில்டரின் ஓரத்தில் உள்ள அம்புக்குறி காற்று போகும் திசையைக் காட்டுகிறது. சந்தேகம் இருந்தால் பழையதைப் பாருங்கள், கறுத்திருக்கும் முகம்தான் காற்று நுழையும் பக்கம். விளிம்பு மடங்கி ஒரு விரல் இடைவெளி விட்டுவிட்டால் காற்று அந்த வழியாகவே போய்விடும், அப்புறம் எவ்வளவு நல்ல ஃபில்டர் போட்டும் பயனில்லை. பழைய ஃபில்டரைக் கழுவியோ ஏர் அடித்தோ திரும்பப் போடாதீர்கள். நுண்துகளைப் பிடிப்பதில் பெரும்பங்கு அந்த இழைகளில் ஏற்றப்பட்டிருக்கும் நிலைமின்சாரத்துக்கு உண்டு. தண்ணீர் பட்டால் அது போய்விடும், பார்க்க மட்டும் வெள்ளையாக இருக்கும். கார்பன் அடுக்கு உள்ள ஃபில்டர் விலை கூடுதல்தான். ஆனால் டீசல் புகையின் நைட்ரஜன் டை ஆக்சைடையும் நாற்றத்தையும் ஓரளவு பிடிப்பதால், நகரத்தில் ஓட்டுபவர்களுக்கு அதையே சொல்வேன்.

ஏசி போட்டதும் ஈரத்துணி வாடை அடித்தால் கோளாறு கூலிங் காயிலில். அதன்மேல் படியும் ஈரம் காயாமல் நிற்பதால் பூஞ்சை வளர்கிறது. இடம் சேர ஐந்து நிமிடம் இருக்கும்போது ஏ/சி பட்டனை மட்டும் அணைத்து, வெளிக்காற்றில் ஃபேனை ஓட விடுங்கள், காயில் உலர்ந்துவிடும். ஏசி ஓடும்போது வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்ட வேண்டும். ஈரப்பதமான நாளிலும் சொட்டாமல், முன்சீட்டுக் கால்மிதி மட்டும் நனைந்தால் டிரெயின் குழாய் அடைத்திருக்கிறது. வாடை இனிப்பாக இருந்து, முன்கண்ணாடியில் பிசுக்குப் படிந்தால் அது வேறு விஷயம். ஹீட்டர் காயிலிலிருந்து, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் கசிகிறது, மெக்கானிக்கிடம் காட்டியே ஆக வேண்டும். எந்த வாடையையும் பெர்ஃப்யூம் வைத்து மறைக்காதீர்கள். காரணம் அப்படியே இருக்க, அதன்மேல் இன்னும் சில ரசாயனங்கள் சேரும்.

வெயிலில் நின்ற கார், அதிலும் புதிய கார் என்றால், பிளாஸ்டிக்கும் பசையும் விடும் ஆவிகள் உள்ளே தேங்கியிருக்கும். நான்கு கண்ணாடியையும் இறக்கி ஓரிரு நிமிடம் ஓட்டிவிட்டு ஏசி போடுங்கள். சீக்கிரம் குளிரவும் செய்யும்.

எந்த கேபின் ஃபில்டரும் பிடிக்காதது கார்பன் மோனாக்சைடு. கார்பன் அடுக்கும் அதைத் தடுக்காது, அதற்கு நிறமும் மணமும் கிடையாது. மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓட விடுவது, டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டுவது, ஓட்டை விழுந்த சைலன்ஸரோடு ஏசி போட்டுத் தூங்குவது என மூன்றிலும் உயிர் போகலாம். ரீசர்குலேஷன் இதற்குப் பாதுகாப்பு அல்ல. வண்டியில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், தலைசுற்றல் வந்தால் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்து, எல்லோரும் வெளியே இறங்கி நில்லுங்கள். இறங்கியும் தெளியாவிட்டால் ஆம்புலன்ஸை அழையுங்கள். அந்தக் காரை லிஃப்டில் ஏற்றி, இன்ஜினிலிருந்து பின்முனை வரை புகைக்குழாயின் ஒவ்வொரு இணைப்பையும் பார்க்கும்வரை யாரும் ஓட்ட வேண்டாம்.