ஹெபடைட்டிஸ் பி: அளவு 4 ஆகிவிட்டது, பூஸ்டர் போட வேண்டுமா?

கேள்வி கேட்டவர் காட்பாடிப் பக்கம் டயாலிசிஸ் பிரிவில் ஸ்டாஃப் நர்ஸ். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸுக்கான தடுப்பூசி மூன்றையும் படிக்கும்போதே போட்டவர். அப்போது ரத்தத்தில் 60 (mIU/mL) இருந்த எதிர்ப்பொருள் (கிருமியை எதிர்க்க உடல் தயாரிக்கும் ஆன்டிபாடி) அளவு இப்போது 4.

பயப்படாதீங்க சிஸ்டர். நீங்கள் பார்க்க வேண்டியது அந்தப் பழைய 60-ஐத்தான். கடைசி ஊசி போட்டு ஒன்றிரண்டு மாதத்தில் 10-ஐத் தொட்டவருக்குப் பாதுகாப்பு உண்டு. பிறகு ரத்தத்தில் எதிர்ப்பொருள் குறைவது சகஜம். ஆனால் கிருமியை நினைவில் வைத்திருக்கும் நினைவு செல்கள் உடலிலேயே இருக்கின்றன. கிருமி நுழைந்து நோயாக வெளிப்பட ஒன்று முதல் ஆறு மாதம் ஆகும். அந்த அவகாசத்தில் நினைவு செல்கள் விழித்துக்கொண்டு எதிர்ப்பொருளைத் திரும்பத் தயாரித்துவிடும். ஆரோக்கியமானவர்களுக்கு இது 30 வருடம் வரைகூட நிலைப்பது தெரிந்திருக்கிறது. பூஸ்டர் வேண்டாம்.

மூன்று ஊசியும் போட்டும் பழைய ரிப்போர்ட் இல்லாத சக ஊழியருக்கு அளவு 10-க்குக் கீழே வந்தால் கதை வேறு. ஒரு டோஸ் போட்டு, ஒன்றிரண்டு மாதம் கழித்துப் பரிசோதிக்கணும். அப்போதும் ஏறவில்லையா? இன்னும் இரண்டு டோஸ் போட்டு மறுபடி பார்க்கணும். அதற்கும் ஏறாதவர், ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ் நோயாளிக்குப் போட்ட ஊசி குத்திவிட்டால் உடனே இம்யூனோகுளோபுலின் (தயாராக உள்ள எதிர்ப்பொருள் ஊசி) போட்டுக்கொள்ள வேண்டும்.

அப்புறம், உங்கள் நோயாளிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு வருடா வருடம் அளவு பார்த்து, 10-க்குக் கீழே போனால் பூஸ்டர் கட்டாயம் போடணும்.