சேசிஸ் நம்பரை வைத்துப் பழைய காரைப் பார்ப்பது எப்படி? கேள்வி பதில்

கோவையில் பத்தொன்பது வருடமாகப் பழைய கார் பார்த்துச் சொல்லும் வேலை செய்கிறேன். இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே சேசிஸ் நம்பர் பற்றியவை. ஆர்.சி.யில் சேசிஸ் நம்பர் என்று போட்டிருப்பதும், வி.ஐ.என். என்று சிலர் சொல்வதும் ஒன்றுதான்.

ஈரோடு: அண்ணா, 17 எழுத்து இருக்கிறதே, அதில் என்னதான் தெரியும்?

முதல் மூன்றும் தயாரித்தவரின் குறி. எம்.ஏ.3 என்றால் மாருதி சுசுகி, எம்.ஏ.எல். ஹூண்டாய், எம்.ஏ.டி. டாடா, எம்.ஏ.1 மஹிந்திரா, எம்.ஏ.கே. ஹோண்டா. அடுத்து வருவது மாடல், பாடி, இன்ஜின் வகை. பத்தாவது எழுத்து பெரும்பாலும் தயாரித்த வருடம். 2010-க்கு ஏ, 2011-க்கு பி என்று போகும். ஐ, ஓ, கியூ மூன்றும் இந்த நம்பரில் எங்குமே வராது, 1, 0 என்று குழப்பும் என்பதால். ஆகவே 2017 எச், 2018 ஜே, 2019 கே, 2020 எல். மாதத்துக்கும் ஓர் எழுத்து உண்டு, ஆனால் அதன் இடம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கடைசியில் வருவது அந்த ஒரு வண்டிக்கு மட்டுமே உரிய வரிசை எண்.

மதுரை: விற்பவர் 2019 மாடல் என்கிறார். பத்தாவது எழுத்து ஜே. ஏமாற்றுகிறாரா சார்?

உடனே அப்படிச் சொல்லிவிட முடியாது. 2018 கடைசியில் செய்த வண்டி ஷோரூமில் நின்று 2019 ஜனவரியில் பதிவாகியிருக்கும். ஆர்.சி.யில் தயாரித்த மாதமும் வருடமும் தனியாக இருக்கும், பாருங்கள். விலையை மட்டும் 2018-க்கே பேசுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 4818 என்றால் 2018-ன் 48-வது வாரம். டயர் அதே காலத்தியது என்றால் இன்னும் மாற்றவே இல்லை என்று அர்த்தம், அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள்.

திருச்சி: வண்டியில் நம்பர் எங்கே இருக்கும்? ஒரிஜினல் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் கேட்க வேண்டும். தகட்டில் குத்திய நம்பரை வண்டி வாங்குபவர்களில் முக்கால்வாசிப் பேர் பார்ப்பதே இல்லை.

பல கார்களில் முன் சீட்டுக்கு அடியில், கார்ப்பெட்டில் வெட்டிவிட்ட சிறு மடிப்பைத் தூக்கினால் தெரியும். சிலவற்றில் பானெட்டைத் திறந்தால் இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் தகட்டில். பொலேரோ, ஸ்கார்பியோ மாதிரி தனிச் சேசிஸ் உள்ள வண்டிகளில் அந்தச் சட்டத்திலேயே. ஓனர் மேனுவலில் இடம் போட்டிருக்கும். ஸ்டிக்கரையோ, ரிவிட் அடித்த பிளேட்டையோ பார்த்து நிறுத்திவிடாதீர்கள். அவற்றைக் கழற்றி மாட்டலாம். உலோகத்தில் குத்தியிருப்பதுதான் கணக்கு.

2019-ல் ஒரு ஸ்விஃப்ட் பார்க்கப் போனேன். ஆர்.சி. சரி, இன்சூரன்ஸ் சரி, ஆப்பில் விவரமும் சரி. கார்ப்பெட்டைத் தூக்கி டார்ச் அடித்தேன். நம்பரைச் சுற்றி ஒரு சாண் அளவுக்கு மட்டும் பெயிண்ட் மழமழவென்று இருந்தது. அதை ஒட்டிய தகடெல்லாம் மங்கி, தூசி அப்பிக் கிடந்தது. விரலால் தடவினால் கடைசி ஆறு இலக்கமும் மற்றவற்றைவிட ஆழம் குறைவு. அதில் ஒரு 8 மட்டும் லேசாகச் சாய்ந்திருந்தது. வண்டியை ஸ்டார்ட் பண்ணக்கூட இல்லை, வெளியே வந்துவிட்டேன். என்னைக் கூட்டிப்போன தம்பி முதல் நாளே பத்தாயிரம் அட்வான்ஸ் கொடுத்திருந்தார். அது திரும்பி வரவில்லை.

இதை எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா? விபத்தில் நொறுங்கி டோட்டல் லாஸ் ஆன காரை ஆர்.சி.யோடு வாங்குவார்கள். அதே மாடல், அதே கலரில் ஒரு திருட்டு வண்டி. அதன் நம்பரைத் தேய்த்துவிட்டு நொறுங்கின காரின் நம்பரைக் குத்திவிடுவார்கள். பேப்பர் உண்மையான பேப்பர்தான், அதனால் கம்ப்யூட்டரில் எதைத் தட்டினாலும் சரியாகவே வரும். பொய் இருப்பது தகட்டில் மட்டும். போலீஸ் பிடித்தால் வண்டியும் போகும், கொடுத்த காசும் போகும்.

ஆகவே பென்சில் பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, பென்சிலைப் படுக்கவைத்து நம்பர் மேல் தேயுங்கள். செலோடேப்பை ஒட்டி, நகத்தால் அழுத்தி, மெதுவாக உரித்து வெள்ளைத் தாளில் ஒட்டுங்கள். எழுத்துகளின் உயரம், இடைவெளி, வரிசை எல்லாம் அதில் பளிச்சென்று தெரியும். கண்ணுக்குத் தப்பியது தாளில் தப்பாது. இன்ஜின் நம்பரையும் ஆர்.சி.யோடு ஒத்துப்பாருங்கள்.

சேலம்: ஒரு அமெரிக்க வெப்சைட்டில் என் கார் நம்பரைப் போட்டேன், செல்லாத நம்பர் என்று வந்தது. பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள் அம்மா. அங்கே ஒன்பதாவது இடத்தில் மற்ற எழுத்துகளைக் கூட்டிப் பெருக்கி வரும் ஒரு சோதனை இலக்கம் கட்டாயம். நம் ஊர் வண்டிகளில் அந்த இடத்தைக் கம்பெனிகள் வேறு எதற்காவது பயன்படுத்துகின்றன. அதனால் அந்தக் கணக்கு இங்கே ஒத்துவராது.

நாகர்கோவில்: ஆப்பில் சேசிஸ் நம்பரின் ஒரு பகுதியை மறைத்துக் காட்டுகிறது. பிறகு எப்படிச் சரிபார்ப்பது?

எம்பரிவாகன் என்ற அரசு ஆப்பில் தெரிகிற எழுத்துகளை ஒத்துப்பாருங்கள். பதிவுத் தேதி, இன்சூரன்ஸ், எஃப்.சி., பைனான்ஸ் பாக்கி எல்லாம் அங்கேயே இருக்கும். பைனான்ஸ் பெயர் இன்னும் நின்றால் பேங்க் தரும் என்.ஓ.சி.யும், ஆர்.சி.யிலிருந்து அந்தப் பெயரை நீக்குவதற்கான ஃபாரம் 35-ம் கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். இ-சலான் பக்கத்தில் அபராத பாக்கி பார்க்க வண்டி நம்பரோடு சேசிஸ் நம்பரின் கடைசி இலக்கங்களும் கேட்கும். திருட்டு வண்டியா என்பதற்கு, தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் வாகன் சமன்வய் சேவை இருக்கிறது. பதிவு எண், சேசிஸ், இன்ஜின் நம்பர் மூன்றையும் கொடுத்துத் தேடலாம். சேசிஸ் நம்பரை ஆர்.சி.யைப் பார்த்து அடிக்காதீர்கள். பென்சில் பிரிண்டைப் பார்த்து அடியுங்கள்.

சென்னை: 2023 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்று இந்த நம்பரில் தெரியுமா?

நம்பரில் தெரியாது. நம்பரை வைத்து விசாரித்தால் தெரியலாம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் அதைச் சொன்னால் வேலை பார்த்த விவரம் அவர்களிடம் இருக்கும். ஓனரையே கூட்டிக்கொண்டு போங்கள், தனியாகப் போனால் தரத் தயங்குவார்கள். இன்சூரன்ஸில் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் வாங்காதவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி, எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். 2024 பாலிசியில் அது பூஜ்யமாக இறங்கியிருந்தால் காரணம் கேட்க வேண்டும். அப்புறம் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் எவ்வளவு வாஷ் பண்ணியும் போயிருக்காது.

யாழ்ப்பாணம்: அண்ணை, ஜப்பானில இருந்து வந்த அக்குவா ஒண்டு பாக்கிறன். நம்பர் 17 எழுத்து இல்லை, என்.எச்.பி.10 எண்டு தொடங்குது. பிழையோ?

பிழை இல்லை தம்பி. ஜப்பான் உள்நாட்டு விற்பனைக்குச் செய்த வண்டிகளில் மாடல் குறி, ஒரு கோடு, வரிசை எண், அவ்வளவுதான். அக்குவாவுக்கு என்.எச்.பி.10 சரியே. வருடம் அதில் நேராக இருக்காது. அந்த நம்பரை வைத்து ஏல ஷீட், அதாவது ஜப்பானில் ஏலம் விட்டபோது வண்டியின் நிலையைக் குறித்த தாள், எடுக்க முடியும், உங்களுக்கு வேண்டியது அதுதான். ஏலத்தன்று ஓடியிருந்த கிலோமீட்டர் அதில் இருக்கும். இப்போது மீட்டர் அதைவிடக் குறைவாகக் காட்டினால் பேச்சே வேண்டாம். கிரேடு ஆர் என்றால் அடிபட்டுப் பழுது பார்த்தது. படத்தில் ஏ கீறல், யு நெளிவு, எக்ஸ்.எக்ஸ். மாற்றிய பாகம். விற்பவர் போனில் அனுப்பும் ஷீட்டை நம்பாமல் நீங்களே காசு கட்டி எடுங்கள், திருத்திய ஷீட்டுகள் உலவுகின்றன.

தூத்துக்குடி: 2012 ஹோண்டா சிட்டி வாங்கப்போகிறேன். ரீகால் என்கிறார்களே, அது என்ன?

கோளாறுள்ள பாகத்தைச் சரிசெய்து தரக் கம்பெனியே வண்டிகளைத் திரும்ப அழைப்பதுதான் ரீகால். தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள். டகாட்டா கம்பெனியின் ஏர்பேக் இன்ஃப்ளேட்டரில் இருந்த அமோனியம் நைட்ரேட், வருடக்கணக்கில் வெக்கையும் ஈரக்காற்றும் பட்டால் கெட்டுப்போகும். பிறகு மோதும்போது அளவு மீறி வெடித்து, அதன் உலோகக் கூடே சில்லாகச் சிதறி ஓட்டுபவர் மேல் பாயும். உலகம் முழுக்க உயிர்கள் போயிருக்கின்றன. உங்கள் ஊரோ கடற்கரை. ஹோண்டா இந்தியா வெப்சைட்டில் 17 எழுத்தையும் போட்டால் உங்கள் வண்டி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று சொல்லும். இருந்தால் இலவசமாக மாற்றித் தருவார்கள், நீங்கள் எத்தனையாவது ஓனராக இருந்தாலும்.

திண்டுக்கல்: தகட்டில் பி, ஆர்.சி.யில் 8. ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். வாங்கலாமா?

டைப் அடித்தவரின் தவறாகவே இருக்கலாம். ஆனாலும் விற்பவரே தன் பெயரில் இருக்கும்போதே ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைக் காட்டித் திருத்தித் தரட்டும். இப்படியே வாங்கினால் கிளெய்ம் நேரத்தில் இன்சூரன்ஸ் சர்வேயர் அந்த ஓர் எழுத்தைத்தான் பிடித்துக்கொள்வார். திருத்திய ஆர்.சி. வந்ததும் பென்சில் பிரிண்டைப் பக்கத்தில் வைத்து, 17 எழுத்தையும் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படியுங்கள். அட்வான்ஸ் அதற்கப்புறம்.