தந்தையின் பங்கு எப்போது தொடங்குகிறது?

கேள்வி: கருவைச் சுமப்பதும் பாலூட்டுவதும் தாய்க்கு இயற்கை அளித்தவை, தந்தைக்கு அப்படி எதுவும் இல்லை. குழந்தை பேசத் தொடங்கிய பிறகு அவன் பங்கு ஆரம்பித்தால் போதாதா? என் நான்கு மாதக் குழந்தை என் கைக்கு வந்தாலே அழுகிறது.

பதில்: போதாது. இயற்கை தந்தைக்கு எதுவும் அளிக்கவில்லை என்பதும் சரியன்று. பிலிப்பைன்ஸின் செபு நகரப் பகுதியில் 624 இளைஞர்களை நான்கரை ஆண்டு இடைவெளியில் இருமுறை பரிசோதித்து, 2011-இல் வெளியான ஆய்வு, அவர்களுள் தந்தையானவர்களின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோனின் அளவு மற்றவர்களுக்குக் குறைந்ததைவிட மிகுதியாகக் குறைந்திருந்ததைக் காட்டியது. நாள்தோறும் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ குழந்தையைப் பார்த்துக்கொண்ட தந்தையரிடம், அந்தப் பொறுப்பில் பங்கேற்காத தந்தையரைவிட இந்த ஹார்மோன் குறைவாகவே இருந்தது. அதாவது, குழந்தை வளர்ப்புக்கேற்பத் தந்தையின் உடலும் மாறுகிறது எனலாம். இதை ஆண்மைக் குறைவென்று யாரும் அஞ்ச வேண்டியதில்லை. தொடக்கத்தில் அதிக அளவு கொண்டிருந்தவர்களே பின்னாளில் தந்தையாகும் வாய்ப்பு மிகுந்தவர்களாக இருந்தனர்.

மூளையைப் பற்றிய சான்று இன்னும் அழுத்தமானது. இஸ்ரேலில் ரூத் ஃபெல்ட்மனின் ஆய்வுக்குழு, முதல் குழந்தையை வளர்க்கும் 89 பெற்றோரை ஆராய்ந்து 2014-இல் முடிவுகளை வெளியிட்டது. அவர்களுள், வீட்டில் தாய் இல்லாமல் ஆண் இணையருடன் சேர்ந்து குழந்தையை வளர்த்த தந்தையரும் இருந்தனர். குழந்தையின் காணொளியைப் பார்க்கும்போது தாய்மாரிடம் வலுவாக இயங்கும் அமிக்டலா என்னும் மூளைப் பகுதி, முழுப் பொறுப்பேற்ற இந்தத் தந்தையரிடமும் ஏறத்தாழ அதே அளவுக்கு இயங்கியது. அப்பகுதிக்கும், பிறர் மனத்தை உணர உதவும் மற்றொரு பகுதிக்கும் இடையிலான தொடர்பு, தந்தையர் குழந்தையோடு செலவிட்ட நேரத்துக்கேற்ப வலுப்பட்டிருந்தது. கருவைச் சுமக்காதவர்கள், பாலூட்டாதவர்கள் அவர்கள் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

அழுகைக்கு வருவோம். அழுகுரலை மட்டும் கேட்டுத் தம் குழந்தையை இனங்காண்பதில், நாளுக்கு நான்கு மணி நேரமாவது குழந்தையோடு இருக்கும் தந்தையர் தாய்மாருக்குச் சளைத்தவர்கள் அல்லர் என்று 2013-இல் வெளியான ஓர் ஆய்வு கண்டறிந்தது. அதைவிடக் குறைவாக இருந்தவர்களே பின்தங்கினர். உங்கள் கையில் அழும் குழந்தையை ஒவ்வொரு முறையும் உடனே மனைவியிடம் கொடுத்துவிட்டால், தேற்றும் பழக்கம் அவருக்கு வளர்கிறது, உங்களுக்கு வளர்வதேயில்லை. பிறகு அந்த வேற்றுமையையே இயற்கை என்று சொல்லிவிடுகிறோம். அதன் சுமையை இரவும் பகலும் தாங்குபவர் உங்கள் மனைவி.

பால் கொடுப்பதைத் தவிர எல்லாவற்றையும் நீங்கள் செய்யலாம். குளிப்பாட்டுவதையோ தூங்கவைப்பதையோ முழுமையாக உங்கள் பொறுப்பாக்கிக்கொண்டு நாள்தோறும் செய்யுங்கள். அந்த வேளையில் மனைவி வேறு அறையில் ஓய்வெடுக்கட்டும். பசியும் நோயும் இல்லை என்று உறுதி செய்துகொண்டபின், முதல் சில நாள்கள் அழுகை நீடித்தாலும் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே இருங்கள். அதிகம் பழகாதவர்களைக் கண்டு மிரளும் இயல்பு பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆறாம் மாதத்துக்குப் பிறகுதான் வலுப்பெறும் என்பதால், இப்போது தொடங்குவது பின்னர் தொடங்குவதைவிட உங்கள் இருவருக்குமே எளிது.